லைனிங்குக்குள் ஐம்பது லிரா

இது எழுபத்தொன்றில் நடந்ததா, எழுபத்திரண்டிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம். மழையே இல்லை, தேநீர் வண்டியைப் புல்வெளி வழியாகத்தான் தள்ளிக்கொண்டு வந்தோம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பொதுக்கூட்டக் குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'மூன்றாவது பொருள் ஒத்திவைக்கப்பட்டது.' அதை எழுதியவன் நான். மற்றதெல்லாம் பிற்பாடு ஹெம்தா சொல்லித் தெரிந்துகொண்டவை. அவள் சொன்னதும் என் நினைவும் ஒத்துப்போகாத இடங்களில் அவள் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடந்தது அவளுக்குத்தானே.

கிவத் ஹரூவ் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸ், நிலமும் பணமும் சாப்பாடும் எல்லோருக்கும் பொதுவான கூட்டுப்பண்ணை. அங்கே ஹெம்தா தையல் அறையைப் பார்த்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. தையல் அறையும் சலவைக்கூடமும் ஒரே கட்டடம். நடுவில் சுவர் கிடையாது, துணி அடுக்கும் அலமாரி மட்டும்தான். அலமாரிக்கு அந்தப் பக்கம் ஷ்ராகா. கல்யாணம் ஆகாதவர். கொதிகலனையும் இஸ்திரி மேசையையும் பத்தொன்பது வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால் எட்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிளம்பும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அது குறை என்று இருவருக்குமே தோன்றியதில்லை.

ஷ்ராகாவுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. செல்லாத நோட்டுகளைச் சேர்ப்பார். யாரிடமும் சொந்தப் பணம் இல்லாத ஊரில் பணம் சேர்க்கிற ஒரே ஆள் என்று அவருக்கு 'பேங்க்காரர்' என்று பெயர். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் கொடுக்கிற கைச்செலவுப் பணத்தில் மற்றவர்கள் சாக்லேட் வாங்குவார்கள், சினிமா பார்ப்பார்கள். அவர் டெல் அவீவுக்கு பஸ் ஏறிப் போய், ஹஸ்கேல் என்கிற வியாபாரியின் கடையில் பழைய நோட்டு ஒன்றிரண்டு வாங்கி வருவார். யாராவது போய்க் கேட்டால் போதும், வாய் திறப்பார். மீனவர் படம் போட்ட ஒரு லிரா நோட்டு எல்லாம் ஒன்று என்று நினைக்காதே, வரிசை எண்ணைப் பார், இது கறுப்பு, இது சிவப்பு, இது பழுப்பு. நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடி, தாளுக்குள் நீர்க்குறி தெரிகிறதா. மடிப்பு விழுந்த நோட்டைத் தண்ணீரில் நனைத்து இஸ்திரி போட்டு ஏமாற்றுவார்கள், முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஊருக்கே இஸ்திரி போடுகிற மனிதர் ஒரு நோட்டுக்குக்கூடப் போட்டதில்லை.

ஒரு காலத்தில், அறைக்குள் கரண்ட் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று எங்கள் பொதுக்கூட்டம் இரண்டு சனிக்கிழமை சண்டை போட்டிருக்கிறது. ஷ்ராகாவின் ஆல்பங்களைப் பற்றி யாரும் ஒரு கேள்வி எழுப்பவில்லை. அந்த நோட்டுகளைக் கொடுத்தால் ஒரு தீப்பெட்டி கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம்தான் ஹஸ்கேலின் தபால் அட்டை வந்தது.

எங்கள் ஊரில் தபால் அட்டையை யார் பெயருக்கு வந்ததோ அவர்தான் கடைசியாகப் படிப்பார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இருக்கும் தபால் பெட்டியின் அறைகளில் கடிதங்களைப் போட்டு வைப்பார்கள். உள்ளே போகிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டே அட்டைகளைப் படித்துவிட்டுப் போவார்கள். ஸெலிக் அதை மேசைக்கே எடுத்து வந்துவிட்டான். ஸெலிக் ஹெம்தாவின் புருஷன். மாட்டுத்தொழுவம் அவன் பொறுப்பு. உரத்த குரல், நல்ல மனசு.

"கேட்டுக்குங்கப்பா, நம்ம பேங்க்காரர் நிஜமாவே பேங்க்காரர் ஆயிட்டார்" என்று ஆரம்பித்து வாசித்தான். நாற்பத்தெட்டாம் வருஷத்து ஐம்பது லிரா நோட்டு, போன முறை கொண்டு வந்து காட்டியது, ஓரத்தில் ஊசித் துளைகள் இருந்தாலும் தாள் புதுசு போல இருக்கிறது, இந்த விலை தருகிறேன் என்று ஹஸ்கேல் எழுதியிருந்தார். விலையை ஸெலிக் மாட்டுக் கணக்கில் சொன்னான். நல்ல கறவை மாடு ஒன்று, கன்றோடு.

மேசை முழுக்கச் சிரித்தது. ஹெம்தாவின் இடது கையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது. விலை அவள் காதில் விழவே இல்லை. ஓரத்தில் ஊசித் துளைகள் என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் அவளிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. ஹைஃபா துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன் கொடுத்தது. கிளம்பி வந்துவிடு, ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன், தையல் தெரிந்தவளுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிக் கையில் திணித்தான். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மகள் ருஹாமாவுக்கு ஒன்று முடியவில்லை. எங்கள் வழக்கப்படி எல்லாக் குழந்தைகளையும் போல அவளும் குழந்தைகள் இல்லத்தில்தான் தூங்கினாள். ஒருநாள் அந்தப் பாதையில் போகும்போது மகளின் அழுகை கேட்டு ஹெம்தா கதவைத் தட்டினாள். காவலுக்கு இருந்த பெண், நேரமாகிவிட்டது என்று அவளைத் திருப்பி அனுப்பினாள். விதி அதுதான். அறைக்கு வந்து ஸெலிக்கிடம் சொன்னபோது, எல்லாக் குழந்தையும்தான் அழும் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நோட்டை ஒளிக்க இடமில்லை. அறைகளுக்குப் பூட்டு கிடையாது, பெட்டிகளுக்கும் கிடையாது. தையல் அறையில் பட்டாளத்துப் பழைய கோட்டுகள் நாற்பது இருந்தன, எல்லாம் ஒரே அச்சு. யாருக்கும் சொந்தமில்லை; குளிருக்கு யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு கோட்டின் லைனிங்கைப் பிரித்து, காலருக்குக் கீழே முதுகுப் பக்கம் நோட்டை விரித்து வைத்து, சரசரக்காமல் இருக்க அதன் ஓரத்தையே துணியோடு சேர்த்துத் தைத்தாள். அடையாளத்துக்குக் கறுப்புப் பட்டன்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் பழுப்புப் பட்டன் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கண் டாக்டரிடம் காட்ட ஹைஃபா போக அனுமதி வாங்கியிருந்தாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், திரும்பி வராமல் இருந்துவிடுவது என்று முடிவு.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் பழுப்புப் பட்டன் வைத்த கோட்டு இல்லை. நாற்பதும் கறுப்புப் பட்டனோடு தொங்கின. தையல் அறையில் உடன் வேலை பார்த்த பில்ஹாவுக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. ஒருத்தர் கோட்டுக்கு மட்டும் வேறு பட்டனா, அது என்ன நியாயம் என்று மாற்றிவிட்டாள். மாற்றியதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். ஹெம்தா அவளுக்கு நன்றி சொன்னாள். அன்று மத்தியானமே குளிர் இறங்கிவிட்டது. கோட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, திரும்பி வந்த கோட்டுகளை மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தாள். முப்பத்தொரு கோட்டு. மீதி ஒன்பது அவள் கைக்கு வரவில்லை. ஐம்பத்திரண்டு ஜூனில் பழைய நோட்டெல்லாம் செல்லாது, சில நாளைக்குள் கொடுத்துப் புது நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கடனாக எடுத்துக்கொள்ளும் என்று ரேடியோ சொன்னது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நமக்கென்ன, மாற்ற நம்மிடம் என்ன இருக்கிறது என்று. ஹெம்தாவும் சிரித்தாள். அப்போது வயிற்றில் மகன் இருந்தான். அவள் இங்கேயே இருந்துவிடுவது என்று ஒருநாளும் முடிவு செய்யவில்லை. கோட்டு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தபால் அட்டை வந்த மறுநாள் அவள் அலமாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அந்த நோட்டைக் காட்டு என்றாள். ஷ்ராகா கையைத் துடைத்துக்கொண்டு, அறைக்குப் போய் ஆல்பத்தை எடுத்து வந்தார். மற்ற பக்கங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. பூதக்கண்ணாடியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கொதிகலனைப் பார்க்கப் போய்விட்டார்.

வெளிர் ஊதா நிறம். படம் ஒன்றும் இல்லை, பின்னிப் பின்னிப் போகும் கோடுகள்தான். இடது ஓரத்தில் துளைகள் இரண்டு இரண்டாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து போயின. அவசரத்தில் தைத்ததில் நடுவே ஓர் இடத்தில் மட்டும் துளைகள் நெருங்கியிருந்தன. அந்த இடத்தில் யாரோ கதவைத் திறந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஷ்ராகா திரும்பி வந்து நின்றார். "இடது கைத் தையல்" என்றார். "வலது கைக்காரங்க தைச்சா இந்தப் பக்கம் சாயாது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அம்பத்திரண்டு. மழைக்கு முன்னாடி கோட்டெல்லாம் துவைக்கப் போட்டாங்க. ஒண்ணு மட்டும் முதுகுல விறைப்பா இருந்துது. நனைக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சுப் பாத்துட்டேன்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"நீயும்தான் என்னைக் கேக்கல. ஒவ்வொரு குளிருக்கும் கோட்டைத் தடவித் தடவிப் பாத்துட்டு இருந்தே. சொல்லலாமான்னு நினைச்சேன். அதுக்குள்ள அது வெறும் காகிதம் ஆயிருந்துது. காகிதத்தைக் கொடுத்து உன்னை என்ன செய்யச் சொல்ல?"

அவள் ஆல்பத்தை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். தன் பக்கம் வந்து உட்கார்ந்து ஒரு தலையணை உறையைத் தைக்க ஆரம்பித்தாள். மத்தியானம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பேசாமல் இருந்ததெல்லாம் இதைத்தானா என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்த பிறகு பொதுக்கூட்டம் கூடியது. பெண்கள் பின்னலை எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் நஃப்தாலி கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினார். முதல் இரண்டு விஷயங்கள், டிராக்டர் கொட்டகைக் கூரையும் நீச்சல்குளத்து நேரமும், சீக்கிரம் முடிந்தன. மூன்றாவது ஷ்ராகாவின் நோட்டு.

ஆரம்பத்தில் சண்டை ஒன்றும் இல்லை. பில்ஹா எழுந்து, செல்லாத நோட்டாக இருக்கும்வரை அது காகிதம், விலை வந்துவிட்டால் அது சொத்து, சொத்து எல்லோருக்கும் பொது என்றாள். ஷ்ராகா தலையை ஆட்டினார். எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற நோட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். அதோடு முடிந்திருக்கும். ஸெலிக் சும்மா இருந்திருந்தால். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாட்டுக்கு வயிறு ஏன் ஊதுகிறது என்று காரணம் கண்டுபிடிக்கும்வரை தூங்காத மனிதன், அதே மாதிரிதான் இதையும் கேட்டான்.

"ஒண்ணு மட்டும் புரியல. அந்தக் காலத்துல நமக்கு ஷூ லேஸ் வேணும்னாக்கூடச் சீட்டு எழுதிக் கொடுக்கணும். அம்பது லிரா யார்கிட்ட இருந்துது?"

நஃப்தாலி அதை ஷ்ராகாவிடம் கேட்டார். கோட்டு லைனிங்குக்குள் கிடைத்தது என்றார் அவர். யார் கோட்டு என்றதற்கு, யார் கோட்டும் இல்லை, நம்ம கோட்டு என்றார். அப்படியானால் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றாள் பில்ஹா. எல்லோரும் உருளைக்கிழங்கைக்கூட எண்ணிப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தர் தனியாக வைத்திருக்கிறார். அன்று இருந்தவர்களில் இருபத்தாறு பேர் இன்றும் இந்தக் கூடத்தில் இருக்கிறோம் என்று அவள் சொன்னதும், அந்த இருபத்தாறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட முகங்கள் எல்லாம் திடீரென்று அந்நியமாகிவிட்டன.

ஹெம்தா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் கண்ணிகள் நழுவின. எடுத்துக் கோக்க முயன்றாள். முடியவில்லை.

"உனக்குத் தெரியும்டா ஷ்ராகா" என்றான் ஸெலிக். "பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி உனக்கு. யாருன்னு சொல்லிடு, விட்டுடுவோம்."

ஷ்ராகா மேசையில் காயாமல் இருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தார். சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்னு எழுதிக்குங்க" என்றார்.

அவர் சொன்னதை யாரும் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அது குறிப்பேட்டில் ஏறக்கூடிய பதில். பில்ஹா தீர்மானம் சொன்னாள்: ஆல்பங்கள் அத்தனையும் பொதுவுக்கு, ஷ்ராகா பணம் ஒளித்தார் என்பது பதிவாக வேண்டும், அவருடைய உறுப்பினர் தகுதியைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம். இருபது வருஷத்துக்கு முந்திய விஷயம் என்று யாரோ முனகினார்கள். நஃப்தாலி வாக்கெடுப்புக்கு விட்டார். கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. ஸெலிக்கும் கையைத் தூக்கினான், தான் ஆரம்பித்து வைத்ததை எப்படி நிறுத்துவது என்று தெரியாத முகத்தோடு.

ஹெம்தாவுக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருக்கலாம். அது அவளுக்குக் கைவந்த விஷயம். ஷ்ராகாவும் அதைத்தான் விரும்பினார், தலையைத் தூக்காமலே சின்னதாக ஆட்டினார். பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதனோடு வாழ்ந்த இருபத்துச் சொச்ச வருஷமும் வேறொன்றாகிவிடும்.

"கையை எறக்கு ஸெலிக்" என்றாள். "அது என்னோடது."

அவன் கையை இறக்கவில்லை. கேட்டது புரியாமல் தூக்கினபடியே திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன் கொடுத்தான். நான்தான் தைச்சு வெச்சேன். ருஹாமா பொறந்த வருஷம்."

"எதுக்கு?"

"ஹைஃபா போறதுக்கு."

"தனியாவா?"

"குழந்தையோட."

நூற்றைம்பது பேர் இருந்த கூடத்தில் அவர்கள் இரண்டு பேரும் தங்கள் அறைக்குள் பேசுவது போலத்தான் பேசினார்கள். ஸெலிக் கை மெல்ல இறங்கியது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை. நஃப்தாலி என்னைப் பார்த்து, ஒத்திவைக்கப்பட்டது என்று எழுது என்றார். எழுதினேன்.

ஸெலிக் அன்றிலிருந்து ஒன்பது நாள் தொழுவத்திலேயே படுத்துக்கொண்டான். மாடு கன்று போடப் போகிறது என்று காரணம் சொன்னான். அந்த ஒன்பது நாளில் எந்த மாடும் கன்று போடவில்லை. ஹெம்தா அவனுக்குச் சாப்பாடு கொண்டு போகவில்லை, கூப்பிடவும் இல்லை. தான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவன் முறை என்று இருந்தாள். ஷ்ராகா ஒருநாள் அந்த நோட்டை ஆல்பத்திலிருந்து எடுத்து அவள் மேசையில் வைத்தார். இது ஒத்திவைக்கப்பட்ட பொருள், நான் தொடக் கூடாது என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் அவள் முதல் தடவையாகக் கேட்டாள்.

பத்தாம் நாள் வேலைப் பட்டியல் பலகையில் ஸெலிக் தன் பெயரையும் ஹெம்தா பெயரையும் விடுப்புக் கட்டத்தில் எழுதியிருந்தான். பக்கத்தில் காரணம்: ஹைஃபா. பலகையைப் படித்துவிட்டுப் போனவர்கள் யாரும் கேலி செய்யவில்லை, எங்கள் ஊருக்கு அது அதிசயம்.

அண்ணன் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தான். அவன் பார்த்து வைத்திருந்த அறை இருந்த தெரு அவளுக்குத் தெரியும். மலைச்சரிவில் படியேறிப் போய், எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றார்கள். இரண்டாவது மாடி. ஜன்னலில் யாரோ படுக்கை விரிப்பு காயப் போட்டிருந்தார்கள். ஸெலிக் சந்தையில் மாட்டை விலை பேச வந்தவன் போல ரொம்ப நேரம் அதைப் பார்த்தான்.

"கோட்டு கிடைச்சிருந்தா போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

"நான் தேடிட்டு வந்திருப்பேன்னு நினைச்சியா?"

"வந்திருப்பே" என்றாள் ஹெம்தா. "சாயங்காலக் கறவை முடிஞ்சப்புறம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அது பாதியில் வேறெதுவோ ஆயிற்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஒன்பது நாளும் அவனுக்குத் தன் மேல் கோபம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் கோபப்படவில்லை, கேட்காமலே விட்ட கேள்விகளை எண்ணிக்கொண்டிருந்தான் என்று அங்கேதான் சொன்னான். இரண்டு பேரும் கீழே இறங்கி மீன் வறுவலும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, கறவைக்கு முன்னால் வந்து சேரும்படி மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மூன்றாவது பொருளை நஃப்தாலி மறுபடியும் கூட்டத்துக்குக் கொண்டு வரவே இல்லை. ஷ்ராகா எண்பத்தாறில் இறந்தார். அவருடைய ஆல்பங்கள் கிப்புட்ஸின் ஆவண அறையில் இருக்கின்றன, ஐம்பது லிரா நோட்டும் அதில்தான் இருக்கிறது, அதை யாரும் விற்கவில்லை. ஹஸ்கேல் கடையை மூடிவிட்டு மகனோடு ஹோலோனில் போய் இருந்தார், அப்புறம் தகவல் இல்லை. நஃப்தாலி மகள் வீட்டுக்கு பேர்ஷேவா போனார். பில்ஹா முதியோர் பிரிவில் தொண்ணூற்று மூன்று வயதுவரை இருந்தாள். ஸெலிக் தொண்ணூற்றாறில் மாரடைப்பில் போனான். ஹெம்தா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தாள், கடைசி வருஷம்வரை தைத்தாள். மகன் ஊரிலேயே வயல் பார்க்கிறான். ருஹாமா கல்யாணம் ஆனதும் ஹைஃபாவுக்குப் போனாள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.